குறைகளைத் தயக்கமின்றி எழுதுக

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் தம்பி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தம்பி என்றால் எங்கள் பம்ப் கம்பெனியின் சின்ன முதலாளி தருண். அவர் அப்பா காலத்தில் நான் இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவர் ஒன்றாம் வகுப்பு. பெரியவருக்கு முட்டி தேய்ந்த பிறகு இப்போது எல்லாம் தம்பிதான். நான் பர்சனல் ஆபீசர். ஆளெடுப்பது, லீவு எழுதுவது, சண்டை தீர்ப்பது, பொங்கலுக்குச் சேலை எடுப்பது என்று மனுசர் சம்பந்தப்பட்ட அத்தனையும் என் தலையில்.

விஷயம் வைண்டிங் செக்‌ஷன். மோட்டாருக்குள் வைக்கிற செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றுகிற இடம். எட்டுப் பெண்கள். ஐந்து மாதத்துக்கு முன்னால் அங்கே புதுத் தானியங்கி மிசின் வந்தது. வந்த நாளிலிருந்து கம்பி அறுந்துகொண்டே இருக்கிறது. அறாத அன்றைக்குச் சுருள் தொளதொளவென்று வருகிறது. சூப்பர்வைசர் தீபாவளிக்கு முன்பே வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

"அவங்களுக்கு இது வராதுங்கண்ணா. ஏஜென்சில டிப்ளமோ படிச்சவங்க எட்டுப் பேர் தர்றேங்கறாங்க. மார்ச் ஒண்ணாந் தேதி சேந்துருவாங்க. நீங்க இவங்க எட்டுப் பேருக்கும் லெட்டர் அடிச்சு ரெடியா வெச்சுருங்க. சட்டப்படி என்ன குடுக்கணுமோ குடுத்து அனுப்பிரலாம்" என்றார்.

கூடவே இன்னொரு வேலை. கம்பெனி முழுக்க 'ஸ்கில் கேப் சர்வே' எடுக்க வேண்டுமாம். யாருக்கு என்ன தெரியவில்லை என்று அவரவரே எழுதித் தர வேண்டும். ஆலோசகர் ஒருவர் படிவம் அனுப்பியிருக்கிறார்.

சரிங்க தம்பி என்றேன். சாப்பாடு இறங்கவில்லை. நேற்று ராத்திரி சாப்பிட்ட பரோட்டாவாக இருக்கும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. எங்கள் அறுபத்திரண்டு பேரில் ஆங்கிலம் படிப்பவர்கள் ஏழெட்டுப் பேர் தேறுவார்கள். தமிழாக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். அஞ்சல் வழியில் என்றாலும் நான் தமிழில் எம்.ஏ. எனக்கு ஒற்று மிகும் இடம் தெரியும் என்பதை இந்தக் கம்பெனி இதுவரை பயன்படுத்திக்கொண்டதே இல்லை.

சோபியா 'திறன் இடைவெளி' என்று போடலாம் என்றாள். அவள் அக்கவுண்ட்ஸ் பார்க்கிற பெண். கெட்டிக்காரி, ஆனால் தமிழ் அவள் துறையல்ல. இடைவெளி என்பது லாரிக்குப் பின்னால் எழுதுகிற சொல். ஒரு மணி நேரம் யோசித்து இப்படி எழுதினேன்: 'தங்கள் பணியில் தாங்கள் உணரும் குறைகளைத் தயக்கமின்றி எழுதுக.' படித்துப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

லெட்டர் அடிக்கவில்லை. பிரிண்டரில் மை இல்லை.

பிப்ரவரி 5, புதன்

மை வந்துவிட்டது. ஆனால் இன்று அஷ்டமி.

பிப்ரவரி 6, வியாழன்

நவமி.

பிப்ரவரி 7, வெள்ளி

அறுபத்திரண்டு பேருக்கும் படிவம் கொடுத்தாயிற்று. எல்லோரும் ஆர்வமாக வாங்கிக்கொண்டார்கள். வாட்ச்மேன் நாச்சிமுத்து இன்னொரு தாள் வேண்டும் என்று கேட்டார், ஒரு பக்கம் பத்தாதாம். இவ்வளவு வெளிப்படையாக இருக்கிறாரே என்று நெகிழ்ந்துபோனேன்.

பிப்ரவரி 8, சனி

படிவங்கள் திரும்பி வந்தன. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

'சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது.' 'பெண்கள் கக்கூசில் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தர் வெளியே நிற்கணும்.' 'ஆறாம் நம்பர் ஃபேன் சத்தம் மட்டும் போடுது, காத்து இல்லை.' 'கம்பெனி பஸ் எங்க ஸ்டாப்பில் நிற்பதில்லை, மெதுவா மட்டும் போகுது.' நாச்சிமுத்து இரண்டு பக்கத்துக்கும் கேட்டில் படுக்கிற நாயைப் பற்றியே எழுதியிருக்கிறார். அதற்கு அவரைப் பிடிக்கவில்லையாம்.

நான் குறை என்று எழுதியது அவரவரிடம் உள்ள குறையை. அவர்கள் படித்தது கம்பெனியிடம் உள்ள குறையை. கலெக்டர் ஆபீசில் திங்கள்தோறும் குறைதீர்க்கும் நாள் நடக்கிற ஊரில் வேறு எப்படிப் படிப்பார்கள்? எம்.ஏ. படித்த எனக்குத்தான் இது தோன்றவில்லை.

வீட்டில் சொன்னேன். மனைவி துளசிமணி அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தாள். "ஏனுங்க, எனக்கும் ஒரு பாரம் குடுங்க. நானும் எழுதோணும்" என்றாள்.

சரியான பொருளில் நிரப்பப்பட்ட படிவம் ஒன்றே ஒன்று, என்னுடையது. அதில் 'ஏதுமில்லை' என்று எழுதியிருந்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

தம்பி சர்வே என்ன ஆயிற்று என்று கேட்டார். தொகுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். சோபியாதான் கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு ஏற்றுகிறாள். எனக்குக் கொஞ்ச நாளாகத் திரையைப் பார்த்தால் கண் எரிச்சல். இரண்டு வருடமாக இருக்கிறது.

லெட்டர் பற்றியும் கேட்டார். நடந்துகொண்டிருக்கிறது என்றேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். பாதிப் பேர் பழனிக்கு நடந்து போய்விட்டார்கள். நான் லீவு. மருதமலைக்குப் போகலாம் என்றாள் துளசிமணி. போனோம், கூட்டத்தில் என் செருப்பு போனது.

பிப்ரவரி 13, வியாழன்

தாழ்ப்பாள் மாட்டியாகிவிட்டது. ஃபேனுக்கு ஆள் வந்தார். தப்பாக எழுதிய படிவமாக இருந்தாலும் கேட்டுவிட்ட பிறகு செய்யாமல் இருக்க முடியாதில்லையா. தாழ்ப்பாளை நேரில் பார்த்துச் சரி என்று சொல்ல நான் போக முடியாத இடம் என்பதால் சோபியா போய் வந்தாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்று வைண்டிங் செக்‌ஷன் படிவங்களை மட்டும் தனியாக எடுத்துப் படித்தேன். முதல் தடவை சிரிப்பதற்காகப் படித்ததில் இவற்றில் சிரிக்க ஒன்றுமில்லை என்று தள்ளி வைத்திருந்தேன்.

ஆறு பேர் 'எதுவும் இல்லீங்க' என்று எழுதியிருந்தார்கள். ஊரே குறை எழுதும்போது இவர்கள் மட்டும் ஏன் இல்லை என்கிறார்கள்? ஏழாவது சாந்தாமணி. 'மிசின் சொல்லிக்குடுக்க வந்தவரு மூணு நாளும் இந்தில பேசுனாரு. அவரு சிரிச்சப்ப நாங்களும் சிரிச்சோம்.' எட்டாவது ரங்கநாயகி. ஒரே வரி: 'மிசின் தலைகீழாப் பேசுது.'

ரங்கநாயகியைப் பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் நான்தான் வேலைக்கு எடுத்தேன். வாயைத் திறந்தால் மூட மாட்டார். இண்டர்வியூவிலேயே நான் கேட்ட கேள்வியை விட அவர் கேட்ட கேள்விதான் அதிகம். அவர் ஒரு வரியோடு நிறுத்தியிருக்கிறார் என்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

பிப்ரவரி 15, சனி

செக்‌ஷனுக்குப் போனேன்.

"ஏனுங்கம்மா, தலைகீழாப் பேசுதுன்னு எழுதியிருக்கீங்களே, அது என்னது?"

"அது சும்மா எழுதுனதுங் சார்" என்றார் ரங்கநாயகி.

"மிசின்ல ஏதாச்சும் வெளங்கலீங்களா?"

"எல்லாந் தெரியுங் சார். கம்பிதான் சரியில்லீங்."

எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். நான் நின்ற கால் மணி நேரத்தில் கம்பி மூன்று தடவை அறுந்தது. ஒவ்வொரு தடவையும் எட்டுப் பேரும் கம்பியை முறைத்தார்கள்.

திரும்பி வரும்போது சாந்தாமணி மட்டும் பின்னாலேயே வந்து மெல்லக் கேட்டார். "ஆளை மாத்தப் போறாங்கன்னு பேசிக்கறாங்களே, நெசமுங்களா சார்?"

பேச்சை மாற்றி, தாழ்ப்பாள் பரவாயில்லையா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். கேவலம்.

வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருப்பவரிடம் உனக்குத் தெரியாததை எழுதிக் கொடு என்று தாளை நீட்டினால் யார்தான் எழுதுவார்கள்? அந்த ஆறு 'எதுவும் இல்லீங்க'வுக்கும் அர்த்தம் இன்றைக்குத்தான் புரிந்தது.

பிப்ரவரி 17, திங்கள்

இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் டிபன் பாக்சை எடுத்துக்கொண்டு வைண்டிங் பெண்கள் சாப்பிடுகிற இடத்துக்குப் போனேன். எட்டுப் பேரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். உட்காரச் சொல்லி நானும் உட்கார்ந்தேன். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் எல்லாம் தெரியும் என்றார்கள். எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை.

"சரி, நான் ஒண்ணு சொல்றேன். யாரும் சிரிக்கப்படாது. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது."

எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு எழுத்துக் கூட அடிக்கத் தெரியாது. வந்து ரெண்டு வருசமாச்சு. கேட்டா அசிங்கம்னு கண்ணெரியுது கண்ணெரியுதுன்னு சொல்லிட்டுத் திரியறேன்."

"அப்ப மாசாமாசம் லீவுக் கணக்குக் கட்டம் போட்டு ஒட்டறீங்களே, அந்தத் தாளு?" என்றார் ரங்கநாயகி.

"சோபியா போடறது."

"கீழ உங்க கையெழுத்து இருக்குதுங்களே!"

"அது மட்டுந்தான் என்னுது."

சாந்தாமணிக்குத் தயிர் சாதம் புரை ஏறிவிட்டது. ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். எட்டுப் பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். யாரும் சிரிக்கக் கூடாது என்று சொன்னதை ஒருவரும் மதிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அசிங்கமாகத்தான் இருந்தது, ஆனால் நான் பயந்த அளவுக்கு இல்லை.

சிரித்து முடித்ததும் ரங்கநாயகி கையைக் கழுவிவிட்டு வந்தார். இரண்டு துண்டுக் கம்பியை என் முன்னால் வைத்தார்.

"இது இருவத்திரெண்டு கேஜுங். இது இருவத்திநாலு. எது மெலிசுன்னு நெனைக்கறீங்க?"

"இருவத்திரெண்டு."

"அதான் இல்லீங். கேஜுல நெம்பரு ஏற ஏறக் கம்பி மெலிசாகும். வேலைக்கு வந்த நாள்ல இருந்து எங்களுக்கு அப்படித்தானுங். இந்த மிசின்ல கேஜே இல்லீங் சார். புள்ளி வெச்ச நெம்பரு நாலஞ்சு காட்டுது. பெரிய நெம்பரு மெலிசுக் கம்பின்னு நாங்க அமுக்கறோம். கம்பி அந்து போகுது. தடிசுக் கம்பிக்குச் சின்ன நெம்பரை அமுக்கறோம். சுருளு தொளதொளங்குது. ரெண்டு மாசமா எனக்குச் சந்தேகந்தானுங். இதுகூடத் தெரியலியான்னு கேட்டுப்போட்டா என்ன பண்றதுன்னு கம்முனு இருந்துட்டேன்."

மிசின் கேட்பது மில்லிமீட்டர். அதில் எண் பெரிதானால் கம்பி தடிமன். சோபியா போனில் பார்த்துச் சொன்னாள்: இருபத்திரண்டு கேஜ் என்றால் 0.71, இருபத்துநாலு என்றால் 0.56. மெல்லிய கம்பியைக் கொடுத்துவிட்டு இது தடிக்கம்பி என்று ஐந்து மாதமாக மிசினிடம் சொல்லியிருக்கிறார்கள். அது அந்தப் பலத்தில் இழுத்திருக்கிறது. பிறகு அறாமல் என்ன செய்யும்?

சோபியா ஒரு அட்டையில் கேஜ் ஒரு பக்கம், மில்லிமீட்டர் ஒரு பக்கம் எழுதி மிசினில் ஒட்டினாள். சாயங்காலம் வரைக்கும் நாலே நாலு தடவைதான் அறுந்தது. அந்த நாலும் ஏன் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று வாய் திறந்து சொன்னார்கள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் கம்ப்யூட்டர் விவகாரத்தைத் தவிர.

"மூணு நாள் ட்ரெய்னிங் குடுத்தனே அண்ணா?"

"இந்தில குடுத்தீங்க தம்பி."

"அவங்க புரியுதுன்னு தலையாட்டுனாங்க."

"புரியலைன்னு சொன்னா என்ன நடக்கும்னு அவங்களுக்கு யாரும் சொல்லலீங்க."

அவர் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். கோபமா யோசனையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நானே ஆரம்பித்தேன். பத்து நாள் கொடுங்கள். தினம் இரண்டு மணி நேரம், வேலை நேரத்திலேயே, கற்றுக்கொள்ளட்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் கம்பி அறுந்தால் ஒருவரும் கேட்கக் கூடாது. தமிழ் பேசுகிறவர் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

"ஏஜென்சிக்காரங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேங்கண்ணா. மார்ச் ஆர்டருக்கு இந்த மிசின் ஓடியே ஆகணும். ஓடலைன்னா நாம மொத்தப் பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்." பேனாவைக் கீழே வைத்தார். "இருவத்தி ஏழாந் தேதி நான் வந்து நிக்கறேன். அம்பது சுருள். ஒண்ணுகூட வீணாகப்படாது. வீணாச்சுன்னா மறுநாள் லெட்டர் குடுத்தர்றீங்க. லெட்டர் ரெடியா இருக்குதில்ல?"

"நடந்துட்டு இருக்குதுங்க தம்பி."

பிப்ரவரி 20, வியாழன்

மிசின் விற்ற கம்பெனிக்குப் பதினோரு தடவை போன் செய்து, ஓசூரில் தமிழ் பேசுகிற இன்ஜினியர் ஒருவரைப் பிடித்தேன். வீடியோ காலில் சொல்லித் தருகிறார். முதல் நாள் ரங்கநாயகி அவரிடம் நாற்பது நிமிடம் கேள்வி கேட்டார். அவர் தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பழைய ரங்கநாயகி திரும்பி வந்துவிட்டார்.

இன்றும் அஷ்டமி. நல்லது.

பிப்ரவரி 22, சனி

மிசின் பொத்தான்கள் மேல் தமிழில் ஸ்டிக்கர் ஒட்டும் வேலையை நான் ஏற்றேன். 'இழுவிசை' என்று அழகாக எழுதிக் கொண்டுபோனேன். சாந்தாமணி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இது என்னதுங் சார், சாமி பேரா? டைட்டுன்னு எழுதுங்க" என்றார்.

டைட்டு என்று எழுதினேன். வாழ்க்கையில் பட்ட அடிகளில் இதுவும் ஒன்று. குறைகள் விஷயத்துக்குப் பிறகு எனக்குப் பேச வாயில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

எட்டுப் பேரும் மாறி மாறி ஓட்டுகிறார்கள். இன்று ஐம்பதுக்கு நாற்பத்து நாலு. ஆறு வீண். சாந்தாமணிக்கு அழுகை வந்துவிட்டது. "எங்க வீட்ல ரெண்டு பேரு காலேஜு போறாங்க சார்" என்றார். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொன்னேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

நாற்பத்து எட்டு.

நான் பார்க்காத நேரத்தில் ரங்கநாயகி மற்ற ஏழு பேரிடமும் என்னவோ சொல்லியிருக்கிறார். கேட்டால் பெண்கள் பேச்சு என்கிறார்.

பிப்ரவரி 27, வியாழன்

தம்பி பத்து மணிக்கு வந்து மிசின் பக்கத்தில் நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். ஓட்டியது ரங்கநாயகி. மற்ற ஏழு பேரும் சுவரோரம். நான் இருபது வருடமாக இந்தக் கம்பெனியில் எத்தனையோ பார்த்திருக்கிறேன், இப்படி வேர்த்ததில்லை.

பத்து. இருபது. முப்பது. ஒரு கம்பி அறவில்லை. முப்பத்து மூன்றாவது சுருள் பாதியில் மிசின் தானாக நின்றது. திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. இத்தனை நாளில் யாரும் பார்த்திராத வரி.

போன மாதமாக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏதாவது ஒரு பொத்தானை அமுக்கியிருப்பார்கள், கம்பி அறுந்திருக்கும், கம்பி சரியில்லை என்றிருப்பார்கள். ரங்கநாயகியின் விரல் பொத்தான் வரை போனது. பிறகு கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார். தம்பி பக்கம் திரும்பினார்.

"இது எனக்குத் தெரியலீங்க."

போச்சு என்றே நினைத்தேன்.

தம்பி திரையைப் பார்த்தார். ரங்கநாயகியைப் பார்த்தார். பேண்டை லேசாக மேலே இழுத்துவிட்டுக்கொண்டு மிசின் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் தெரியலீங்க்கா. அந்த ஓசூர்க்காரருக்குப் போன் போடுங்க, கேக்கலாம்."

எண்ணெய் தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எங்கே ஊற்றுவது என்று கண்டுபிடிக்க முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து இருபது நிமிடம் மிசினைச் சுற்றி வந்தார்கள். தம்பி சட்டையெல்லாம் எண்ணெய். பாதியில் நின்ற சுருளும் அறாமல் முடிந்தது. ஐம்பதுக்கு ஐம்பது.

சாந்தாமணி சுவரோரமே உட்கார்ந்துவிட்டார். நான் கண்ணைத் துடைத்ததை எல்லோரும் பார்த்தார்கள். கண் எரிச்சல் என்றேன். ஒருவரும் நம்பவில்லை. பொய்யாகப் போன சாக்கை அவர்களிடமே மறுபடி சொல்லியிருக்கிறேன்.

பெண்கள் பேச்சு என்னவென்று சாயங்காலம் சோபியா சொன்னாள். தெரியாதது வந்தால் அமுக்காதே, வாயைத் திறந்து சொல், வேலை போனால் எட்டுப் பேருக்கும் சேர்ந்தே போகட்டும் என்றிருக்கிறார் ரங்கநாயகி.

பிப்ரவரி 28, வெள்ளி

தம்பி என் அறைக்கு வந்தார். வழக்கமாகக் கூப்பிட்டு அனுப்புவார், இன்று அவரே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஏஜென்சிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"அஞ்சு மாசத்துல ஒருத்தர் எங்கிட்டத் தெரியலைன்னு சொன்னது நேத்துத்தாங்கண்ணா. அவங்க முன்னாடியே சொல்லியிருந்தா அஞ்சு மாசம் வீணாயிருக்காது. அவங்க தைரியமா வந்து சொல்ற மாதிரி நான் நடந்துக்கலை, அது என் தப்பு." பிறகு, வாரம் இரண்டு மணி நேரக் கற்றல் எல்லா செக்‌ஷனுக்கும், வேலை நேரத்திலேயே, என்றார். யார் யாருக்கு என்ன வேண்டும் என்று மறுபடி கேட்க வேண்டுமாம். இந்தத் தடவை தாள் வேண்டாம், போய் உட்கார்ந்து கேளுங்கள் என்றார்.

எழுந்தவர் கதவருகில் நின்றார்.

"அந்த எட்டு லெட்டரையும் கிழிச்சுப் போட்ருங்கண்ணா."

"கிழிக்க ஒண்ணுமில்லீங்க தம்பி. இன்னும் அடிக்கலை."

"இருவத்தஞ்சு நாளாவா?"

இனி மறைத்து என்ன. சொல்லிவிட்டேன். "எனக்குக் கம்ப்யூட்டர்ல அடிக்கத் தெரியாதுங்க."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சோபியாகிட்டக் குடுத்திருந்தாப் பத்து நிமிசத்துல அடிச்சிருக்குமேங்கண்ணா."

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இங்கும் எழுதப்போவதில்லை.